கூதிர்காலத்து ஆறும் ஒளிப்படமும்

நுழையும்முன்

ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாய்க் கிடக்கும் ஆறு, சில வாரங்கள் மட்டும் இருகரை தொட்டு ஓடுகிறது. அந்தச் சில வாரங்களை நினைவில் நிறுத்துவது எவ்வாறு? ஒளிப்படம் அழகுக்கு மட்டும் உரியதா, சான்றாகவும் நிற்குமா? விழுப்புரம் மாவட்டத்தின் சங்கராபரணிக் கரையில் இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பருவமும் நிலமும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் ஆகும். குளிர்நாடுகளில் ஏறத்தாழ இதே காலத்தில் காட்டு மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறி இலை உதிர்க்கின்றன. அந்நிறங்கள் ஆற்றுநீரில் விழும் காட்சியைத் தேடி ஒளிப்படக் கலைஞர்கள் காடுகளுக்குச் செல்கின்றனர். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் கூதிர்காலத்தின் இயல்பு வேறு. வடகிழக்குப் பருவமழையால் மரங்கள் தழைப்பதும் ஏரிகள் நிறைவதும் ஆறுகள் உயிர்பெறுவதும் இக்காலத்தில்தான்.

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணியை, வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் மக்கள் வழங்குவர். திண்டிவனம் பகுதியைச் சேர்ந்த வீடூரில், தொண்டியாறு இதனோடு கூடும் இடத்தில் 1959ஆம் ஆண்டு அணை கட்டப்பட்டது. அங்கிருந்து இவ்வாறு திருவக்கரை வழியாகப் புதுச்சேரிப் பகுதியை அடைந்து வங்கக்கடலில் கலக்கிறது. மழையின் தொடக்கத்தில் செந்நிறமாகப் பெருகிவரும் நீர், மழை ஓய்ந்தபின் மெல்லத் தெளிகிறது. அப்போது கரையிலுள்ள பனையும் புங்கமும் நாணலும் நீரில் தலைகீழாகத் தோன்றும். படமெடுக்க உகந்த காலம் அதுவே.

ஓடும் நீரைப் படமாக்கல்

மேகமூட்டமான நாள் படமெடுக்க ஆகாது என்பது பலரின் எண்ணம். மரங்கள் அடர்ந்த ஆற்றங்கரைக்கு இக்கருத்து பொருந்தாது. வெயில் நாளில் மரநிழலின் இருளுக்கும் நீரின் மினுக்கத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகுதி. ஒன்றைத் தெளிவாகப் பதிந்தால் மற்றொன்று கெடும். மேகம் ஒளியைப் பரப்பி இவ்வேறுபாட்டைக் குறைக்கிறது. ஈர இலையிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குறைக்கப் போலரைசர் என்னும் வடிகட்டியை லென்சின் முன் பொருத்திச் சுழற்றுவர். அதனால் இலையின் பசுமை தெளிவாகும். தெளிந்த நீரின் அடியிலுள்ள கல்லும் புலப்படும்.

கேமராவின் ஷட்டர் ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடினால், சுழியும் நுரையும் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு நொடி அல்லது இரண்டு நொடி திறந்திருந்தால், நீரோட்டம் நீண்ட இழைகளாகப் பதியும். முதற்படம் நீரின் விசையைக் காட்டும். இரண்டாம் படம் அதன் போக்கைக் காட்டும். எதைச் சொல்ல வேண்டும் என்பதைக் கலைஞர் முன்னரே முடிவுசெய்தல் வேண்டும். நீண்ட நேரப் பதிவுக்குக் கேமரா அசையாதிருக்க முக்காலி தேவை. வெள்ளம் பெருகும் வேளையில் கரையோரம் நிற்றல் கூடாது; பாதுகாப்பான மேட்டிலிருந்தே படமெடுக்க வேண்டும்.

கல்லான காடு

வானூர் வட்டத்திலுள்ள திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழைமையான கல்மரங்கள் உள்ளன. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை இவ்விடத்தைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது. இங்குள்ள அடிமரங்கள் கிளையும் இலையும் இன்றிக் கிடக்கின்றன. எனவே, பண்டைய வெள்ளம் ஒன்று இவற்றை அடித்துவந்து மணலில் புதைத்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. நீரில் கரைந்திருந்த சிலிக்கா சிறிது சிறிதாக மரத்தினுள் புகுந்து அதனைக் கல்லாக்கியது. மரத்தின் பொருள் மாறியபோதும் அதன் உள்ளமைப்பு அழியவில்லை. அதனால்தான் இன்றைய ஆய்வாளர் அவற்றை நுண்ணோக்கியால் ஆராய்ந்து மர இனங்களை அடையாளம் காண முடிகிறது. ஓடும் நீர் விட்டுச்சென்ற பதிவு, அதைக் காண ஒருவரும் இல்லாத காலத்தின் காட்டைப் பற்றி இன்று சான்று கூறுகிறது.

சான்றாகும் படம்

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப் என்பவர், 1858ஆம் ஆண்டு மதுரையில் வையை ஆற்றைப் படமெடுத்தார். அன்றைய வையையை இன்றைய வையையோடு ஒப்பிட அப்படம் துணைசெய்கிறது. ஊர்தோறும் ஓடும் சிற்றாறுகளுக்கு இத்தகைய பதிவுகள் அரிது.

2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. சங்கராபரணியிலும் தென்பெண்ணையிலும் பெருவெள்ளம் ஓடியது. வறண்ட மாதங்களில் மனிதர் ஆற்றின் அகலத்தை மறந்துவிடுகின்றனர். மறதி வளர வளர, ஆற்றுக்குரிய இடம் சுருங்குகிறது. பின் வெள்ளம் வரும்போது, தனக்குரிய இடத்தை ஆறு தானே அளந்து காட்டுகிறது. அவ்வளவைப் பதிந்துவைக்கும் படம், நீர் வடிந்தபின் ஊரின் நினைவாக நிற்கும்.

அத்தகைய படத்திற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை, திறன்பேசியே போதும். பாலத்தின் தூண் போன்ற நிலையான அடையாளம் ஒன்று படத்தில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் அதே இடத்தில், அதே திசை நோக்கிப் படமெடுத்து நாளையும் நேரத்தையும் குறித்தல் வேண்டும். நிறத்தைக் கூட்டுவதும் இல்லாததைச் சேர்ப்பதும் சான்றின் மதிப்பை அழிக்கும். ஆனியில் மணலும் ஐப்பசியில் நீருமாக இரு படங்கள் அருகருகே அமைந்தால், ஆற்றின் உண்மையான அகலம் எது என்பதைக் காண்போர் தாமே உணர்வர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஆறு, ஏரி, ஓடை ஆகியவற்றுள் ஒன்றைக் கோடையிலும் மழைக்காலத்திலும் ஒரே இடத்திலிருந்து படமெடுத்து, இரண்டுக்கும் இடையேயான வேறுபாடுகளை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. அந்நீர்நிலையின் பழைய எல்லை குறித்து ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, வகுப்பறையில் உரையாற்றுக.