வானிலும் சுற்றுவழி

நுழையும்முன்
இரு நகரங்களுக்கு இடையேயான தொலைவு மாறுவதில்லை. அதைக் கடக்கும் நேரமோ மாறுகிறது. தடையற்றதாகத் தோன்றும் வானில் அந்நேரத்தை முடிவுசெய்பவை எவை? ஒரு வான்வழியின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

நூல் காட்டும் வழி
பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியையும் ஜப்பானின் தலைநகர் டோக்கியோவையும் நிலப்படத்தில் அளவுகோலால் இணைத்தால், கோடு நடு ஆசியா வழியே செல்லும். புவிக்கோளத்தின்மீது நூலை இறுகப் பிடித்து இணைத்தாலோ, அது வடக்கே வளைந்து சைபீரியாவின் மேலாகச் செல்லும். உருண்டைப் புவியைத் தட்டையான தாளில் விரிப்பதால் இவ்வேறுபாடு தோன்றுகிறது. நூல் காட்டுவதே மிகக் குறுகிய வழி. பெருவட்டப் பாதை எனப்படும் இதன் நீளம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர்.

காற்றின் பங்கு
ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் விரைகிறது. கிழக்கே செல்லும் விமானத்தை அது முன்தள்ளும். மேற்கே செல்லும் விமானத்தை எதிர்க்கும். எனவே, ஒரே வழியில் சென்றாலும் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்
ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஓயிஷி, 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இவ்வுயர்காற்றை அளந்தார். தம் முடிவுகளை அவர் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார்; பிறநாட்டார் அவற்றை நெடுங்காலம் கவனிக்கவில்லை.

மனிதர் வரைந்த கோடுகள்
ஒவ்வொரு நாட்டின் நிலப்பரப்பிற்கு மேலுள்ள வான்வெளியும் அந்நாட்டின் ஆளுகைக்கு உட்பட்டது. 1983இல் பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் டோக்கியோவிற்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது, சோவியத் ஒன்றியத்தின் வான்வெளியைத் தவிர்த்து வடமுனை வழியே சென்றது. பயணம் ஏறத்தாழ 13 மணிநேரம் நீடித்தது. பனிப்போர் முடிந்தபின் சைபீரிய வழி திறந்தது; பயண நேரம் ஏறத்தாழ ஒன்பதரை மணியாகக் குறைந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவிற்குச் செல்வோர்க்கு ஹெல்சிங்கி குறுக்குவழி வாயிலாயிற்று.

2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா போர்தொடுத்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வான்வெளியை மூடின. ரஷ்யாவும் அவ்வாறே செய்தது. ஃபின்ஏர் விமானங்கள் மீண்டும் வடமுனைப் பகுதி வழியாகவும் தெற்கே சுற்றியும் பறக்கலாயின. பயணம் மறுபடியும் ஏறத்தாழ 13 மணிநேரமாயிற்று. விமானத்தின் வேகம் குறையவில்லை, நகரங்களும் இடம்பெயரவில்லை. நாடுகளின் உறவு முறிந்ததே நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பயண நேரத்தைத் திரும்பக் கொணர்ந்தது. கூடுதல் எரிபொருளும் கூடுதல் செலவும் அம்முறிவுக்குத் தரும் விலையாகும்.

தொலைவைப் புவி தருகிறது. நேரத்தைக் கூட்டிக் குறைப்பதில் காற்றுக்கும் பங்குண்டு. எனினும், குறுகிய வழியைத் திறப்பதும் அடைப்பதும் மனிதரின் கையில்தான் உள்ளன.

கற்பவை கற்றபின்
1. குளிர்காலத்தில் டோக்கியோவின் நேரம் ஹெல்சிங்கியைவிட 7 மணி முந்தியது. மாலை 5 மணிக்கு ஹெல்சிங்கியில் புறப்படும் விமானம், மறுநாள் பகல் 1 மணிக்கு டோக்கியோவை அடைந்தால் பயண நேரம் எவ்வளவு?
2. புவிக்கோளத்தில் நூலைக்கொண்டு இரு நகரங்களை இணைத்து, அவ்வழி எந்தெந்த நாடுகளைக் கடக்கிறது எனப் பட்டியலிடுக.