வழங்கித் தொகுதிகளின் பேரிடர் மீட்பு: சோதனையும் ஆவணமும்

முன்னுரை

நூல்களும் சுவடிப் படிமங்களும் கணினி வழங்கிகளில் சேமிக்கப்படும் இக்காலத்தில், அவ்வழங்கிகள் பழுதுறும்போது தரவை மீட்கும் முறை தமிழாய்வாளர்க்கும் உரிய பொருளாகிறது. மீட்புமுறை எழுதப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அது செய்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் கிட்லாப் நிகழ்வைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நகலும் காப்பும்

வழங்கித் தொகுதியில் முதன்மை வழங்கியின் தரவு, துணை வழங்கிக்கு உடனுக்குடன் படியெடுக்கப்படுகிறது. இது நகல். குறித்த நேரத்துத் தரவைத் தனியே எடுத்துவைப்பது காப்பு. வழங்கி ஒன்று நின்றுபோனால் நகல் உதவும். முதன்மையில் ஒரு பதிவு தவறாக நீக்கப்பட்டால், அந்நீக்கமும் நகலைச் சென்றடையும். எனவே நகல் காப்புக்கு ஈடாகாது.

கிட்லாப் நிகழ்வு

மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் கிட்லாப் தளத்தில் 2017 சனவரி 31 அன்று நகலாக்கம் தடைப்பட்டது. அதனைச் சீர்செய்ய முயன்ற பொறியாளர், துணை வழங்கி எனக் கருதி முதன்மை வழங்கியின் தரவுக் கோப்புறையை நீக்கினார். ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. முறையான காப்பும் கிடைக்கவில்லை. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பாக இருக்க, காப்புக் கருவி 9.2ஆம் பதிப்பாக இயங்கித் தோல்வியுற்று வந்திருந்தது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் போயின. ஏறத்தாழ ஆறு மணிநேரத்திற்கு முன் வேறொரு பணிக்காக எடுக்கப்பட்ட தரவுப் படிமமே மீட்புக்கு உதவியது. இடைப்பட்ட நேரத்துத் தரவுத்தளப் பதிவுகள் மீளவில்லை.

சோதனையும் ஆவணமும்

காப்புமுறையைச் சோதிக்கும் பொறுப்பு எவருக்கும் அளிக்கப்படவில்லை என அந்நிறுவனத்தின் அறிக்கையே கூறுகிறது. காப்புக் கோப்பு இருக்கிறதா எனப் பார்ப்பது சோதனை ஆகாது. அதனை வேறொரு வழங்கியில் நிறுவி, பதிவுகளை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே சோதனை. பொறுப்பாளர், சோதித்த நாள், மீட்புக்கு ஆன நேரம், இழந்த தரவின் கால அளவு, தடைப்பட்ட படிநிலை ஆகியவை ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.

ஆவணத்தின் மொழியும் கருதத்தக்கது. ‘கோப்புறையை நீக்குக’ என்னும் ஏவல் தொடரில் செயல் உண்டு, இடம் இல்லை. எந்த வழங்கியில், எதனை உறுதிசெய்த பின் என்பவை அத்தொடரிலேயே அமைதல் வேண்டும். ஆவணத்தை எழுதியவர் அல்லாத ஒருவர் அதனைப் படித்து மீட்பை நிகழ்த்தும்போதே அதன் தெளிவு புலப்படும். அவ்வாவணம் தொகுதிக்கு வெளியிலும் வைக்கப்பட வேண்டும்.

முடிவுரை

நகலும் காப்பும் வேறுவேறு என்பதும், சோதிக்கப்படாத காப்பை நம்ப இயலாது என்பதும் மேற்கண்ட நிகழ்வால் பெறப்படுகின்றன. மின்னூல் தொகுப்புகளைப் பேணுவோர், மீட்புச் சோதனையைக் குறித்த கால இடைவெளியில் நிகழ்த்தி, ஒவ்வொரு முறையும் ஆவணத்தைத் திருத்திவருதல் இன்றியமையாதது.