கினிக்கோழியின் முட்டை எங்கே போகிறது?

கினிக்கோழி வளர்க்கும் குடும்பங்களில் அடிக்கடி சொல்லப்படும் குறை ஒன்று உண்டு. "நன்றாகத் தின்கிறது, ஊரே கேட்கக் கத்துகிறது, முட்டை மட்டும் இடுவதில்லை" என்பதே அது. இதனை நம்பி, பருவத்திலுள்ள நல்ல பெட்டைகளைக்கூட இறைச்சிக்கு விற்றுவிடுகிறார்கள். உண்மையில் அவற்றுள் பெரும்பாலானவை முட்டையிட்டுக் கொண்டுதான் இருக்கும். இடும் இடம் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. இப்பறவையின் வழக்கத்தை அறியாமல் நாட்டுக்கோழியைப் போலவே இதனையும் நடத்துவதால் முட்டை நஷ்டமாகிறது. பல சமயங்களில் பெட்டையே நஷ்டமாகிறது.

கினிக்கோழியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மனிதருடன் பழகிப் பல நூற்றாண்டுகள் கழிந்தும் காட்டுக் குணம் அதனை முற்றிலும் விட்டுவிடவில்லை. நாட்டுக்கோழி வீட்டு மூலையிலோ கூடையிலோ முட்டையிடும். இட்டபின் கொக்கரித்து நமக்கும் அறிவிக்கும். கினிக்கோழியோ மனிதர் நடமாட்டம் இல்லாத இடத்தைத் தேடிச் சென்று, தரையில் ஒரு சிறு பள்ளம் பறித்து, அதில் இட்டுவிட்டு ஓசையின்றி வந்து கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.

முதலில், நம்மிடம் இருப்பது பெட்டைதானா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறத்தால் இதனை அறிய இயலாது. சேவலின் தாடி பெரியது. தலையிலுள்ள கொம்பும் சற்றுப் பெரிது. எனினும் நிச்சயமான அடையாளம் குரலே. இரண்டு அசையாக, ஏறும் தொனியில் மீண்டும் மீண்டும் கூவுவது பெட்டை. சேவல் ஓரசையாகவே கத்தும். பெட்டையும் பயந்தபோது ஓரசையாகக் கத்துமாதலால், இரண்டு அசைக் குரல் கேட்கும் வரையில் பொறுத்திருந்து முடிவு செய்வது நலம். சந்தையில் ஜோடி என்று வாங்கிய இரண்டும் சேவலாக இருந்து, ஒரு வருஷம் முழுவதும் முட்டைக்குக் காத்திருந்தவர்களும் உண்டு.

கினிக்கோழி வருஷம் முழுவதும் முட்டையிடுவதில்லை. பகற்பொழுது நீளும் காலமே அதன் பருவம். பெரும்பாலும் பங்குனியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரையில் இடும். நல்ல தீனியும் பராமரிப்பும் இருந்தால் ஒரு பருவத்தில் சுமார் 100 முட்டைகள் கிடைக்கக்கூடும். முட்டை ஏறத்தாழ 40 கிராம் எடையுள்ளது; ஒரு முனை நன்றாகக் கூர்த்திருக்கும். ஓடு மிகத் தடிப்பானதாகையால் எளிதில் உடைவதில்லை. கோழிமுட்டையைவிட அதிக நாள் கெடாமலும் இருக்கும். சந்தைக்குக் கொண்டு செல்பவர்களுக்கு இது ஒரு சௌகரியம்.

முட்டையிடும் இடத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். வேலியோரத்துப் புதர், கோரை மண்டிய வாய்க்கால் கரை, வைக்கோற்போரின் பின்புறம், அடுக்கி வைத்த விறகின் இடுக்கு, கரும்புத் தோட்டத்தின் உட்புறம் ஆகியவை அதற்கு உகந்தவை. ஒரு பெட்டை தொடங்கிய பள்ளத்திலேயே மற்றப் பெட்டைகளும் வந்து இடும். ஆகவே ஒரே இடத்தில் இருபது, முப்பது முட்டைகள் சேர்ந்திருப்பதில் ஆச்சரியமில்லை. பெட்டை வழக்கமாக முற்பகல் கடந்து, வெயில் ஏறிய பிறகே இடும். அவ்வேளையில் சேவல் ஓரிடத்தில் தனித்து நின்று சுற்றுமுற்றும் பார்த்துக் கொண்டிருக்குமானால், பெட்டை அருகில் எங்கோ அமர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். பெட்டையைத் துரத்திச் சென்று பயனில்லை. நம்மைக் கண்டால் வேறு திசையில் நடந்து ஏமாற்றிவிடும். சேவலைத் தூரத்திலிருந்து கவனிப்பதே சுலபம்.

கூடு அகப்பட்டதும் முட்டைகள் அனைத்தையும் வாரிக்கொண்டு வருவது பெருந்தவறு. மறுநாள் வெறும் பள்ளத்தைக் கண்ட பெட்டை அவ்விடத்தைக் கைவிட்டு வேறிடம் தேடும். நாமும் முதலிலிருந்து தேடவேண்டும். நாலைந்து முட்டைகளை விட்டுவிட்டு மற்றவற்றை எடுக்கவேண்டும். விட்டவற்றின்மேல் கரியால் கோடிட்டு வைத்தால், பிறகு புதியது எது, பழையது எது என்ற ஐயம் எழாது. பறவைகள் அருகில் இல்லாதபோது எடுத்தல் வேண்டும். புதருக்குள் கையை நுழைக்குமுன் கோலால் தட்டிப் பார்த்தல் அவசியம். முட்டையை நாடிப் பாம்பும் வரும்.

இதற்கும் மேலான வழி, தேடும் வேலையே இல்லாமற் செய்வது. பருவ காலத்தில் பறவைகளைப் பிற்பகல் வரையில் பட்டியிலேயே அடைத்து வைத்து, முட்டையிட்ட பின்னர் மேயவிடலாம். பட்டியின் இருண்ட மூலையில் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்றைச் சாய்த்து, அதன் பின்னே வைக்கோல் பரப்பி, கோடிட்ட முட்டை இரண்டை வைத்தால் பெட்டை அவ்விடத்தைத் தன் மறைவிடமாக ஏற்றுக்கொள்ளும். கோடையில் நிழலும் தண்ணீரும் குறைவின்றி இருக்கவேண்டும். நெருக்கமாக அடைத்தால் ஒன்றையொன்று கொத்தும்.

பக்கத்துக் காட்டில் இட்ட முட்டை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு சில ஊர்களில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் வரையில் வந்துவிடுகிறது. இரு வீட்டுப் பெட்டைகளும் ஒரே பள்ளத்தில் இட்டிருந்தால் யார்தான் தீர்ப்புச் சொல்வது? பிற்பகல் வரையில் அடைத்து வைக்கும்படி இருவருக்கும் சொல்வதே தக்க யோசனை.

கண்டுபிடிக்காத கூட்டினால் விளையும் பெருநஷ்டம் இனிமேல்தான். முட்டைகள் போதிய அளவு சேர்ந்ததும் பெட்டை அடையில் அமர்ந்துவிடும். அதுவரை இரவில் மரக்கிளையிலோ பட்டியிலோ தங்கிய பறவை, இப்போது இரவு முழுவதும் தரையில் தனியே இருக்கிறது. நரி, நாய், கீரி, காட்டுப்பூனை ஆகியவற்றுக்கு இதைவிட எளிதான இரை வேண்டுவதில்லை. பருவத்தின் நடுவில் மாலைக் கணக்கில் ஒரு பெட்டை குறைந்தால், திருடு போயிற்று என்று இருந்துவிடாமல் மறுநாள் நண்பகலுக்குள் புதர்களைத் தேடிப்பார்க்க வேண்டும்.

தப்பித்துக் குஞ்சு பொரித்தாலும் துன்பம் தீர்வதில்லை. தாய் விடியற்காலையிலேயே குஞ்சுகளைப் பனி நனைந்த புல்லில் நடத்திச் செல்லும். முதல் இரண்டு வாரங்களில் ஈரமும் குளிரும் கினிக்குஞ்சுக்கு எமன். ஆகையால் அடைக்கு நாட்டுக்கோழியே சிறந்தது. ஒரு கோழியின் கீழ் பதினைந்து முட்டைகள் வரை வைக்கலாம். ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகளாகப் பொறுக்கிக் கழுவாமல் வைக்கவேண்டும். கோழிமுட்டை 21 நாளில் பொரியும். கினிமுட்டைக்கு 26 முதல் 28 நாள் தேவை. இரண்டையும் ஒரே நாளில் கலந்து வைத்தால், தன் குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் எழுந்துவிடும், கினிமுட்டைகள் பாழாகும். கூடுதல் நாட்களுக்கு அடைக்கோழி மெலியாதபடி தீனியும் நீரும் அருகிலேயே இருக்கட்டும்.

பொரித்த குஞ்சுகளைத் தாயுடன் உலர்ந்த இடத்தில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கலாம். வழுக்கும் தரையில் விட்டால் கால்கள் விரிந்து முடமாகும். சாக்கு விரித்தல் நல்லது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் இட்டால் மூழ்கிச் சாகாது. வெறும் குருணை போதாது; புரதம் மிகுந்த குஞ்சுத் தீவனமும் கறையானும் கொடுக்க வேண்டும். பெரியனவான பின், தினமும் மாலையில் ஒரே இடத்தில், ஒரே குரலில் அழைத்துக் கம்போ சோளமோ இறைத்துப் பட்டிக்குள் பழக்கவேண்டும். அப்படிப் பழகிய குஞ்சுகளே அடுத்த பங்குனியில், வேலியைத் தேடி ஓடாமல், தட்டியின் பின்னே வந்து முட்டையிடும்.