பத்திரம் சரி, வீடு சரியா?
(ஸ்பெயின் நாட்டில் வீடு வாங்கும் முறை பற்றி ஓர் ஆராய்ச்சி)

2008-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஸ்பெயினின் தென்கிழக்கே, அல்மெரியா மாநிலத்து வேரா என்னும் ஊரில் ஒரு புது வீட்டை அரசின் எந்திரங்கள் இடித்துத் தரைமட்டமாக்கின. அதில் வாழ்ந்தவர்கள் ஓய்வு பெற்ற ஆங்கிலத் தம்பதியர். வாழ்நாள் சேமிப்பை அவ்வீட்டில் போட்டவர்கள். நிலம் அவர்களுடையது. வீடு கட்ட நகர்மன்றம் அளித்த உரிமமும் கையில் இருந்தது. ஆயினும் வீடு போயிற்று. இடிபடாது எஞ்சிய கார்க் கொட்டகையில் அவர்கள் பல ஆண்டுகள் குடியிருந்தனர்.

சென்ற திங்கள் நம் மன்றத்து மாலைக் கூட்டத்தில், மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஐரோப்பா செல்வோர் அங்கே வீடு வாங்குவதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. "பத்திரம் சரியாக இருந்தால் போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது என்பதற்கு வேரா ஊர் வீடே சான்று. ஏன் போதாது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

ஸ்பெயினில் சொத்துப் பதிவு முறை பழமையானது, உறுதியானது. அதற்கு அடித்தளமிட்ட சட்டம் 1861-இல் பிறந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1946-இல் திருத்தி எழுதப்பெற்ற வடிவம். அதன் 34-ஆம் பிரிவு அருமையான ஒன்று. பதிவேட்டில் உரிமையாளர் என்று காணப்படுபவரிடமிருந்து, அதை நம்பி, நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கித் தன் பெயரிலும் பதிந்துகொண்டவரை அது காக்கிறது. பின்னால் வேறொருவர் வந்து, "விற்றவனுக்கே அது உரிமையில்லை" என்று வாதாடினாலும் வாங்கியவர் உரிமை அசையாது. 'நோட்டா சிம்ப்ளே' என்னும் சிறு தாளைப் பதிவகத்தில் பத்து ஐரோ அளவான கட்டணத்தில் பெறலாம். நம் ஊர் வில்லங்கச் சான்றுக்கு அது தம்பி முறை. சொத்து யாருடையது, அடமானம் உண்டா, நீதிமன்றத் தடை உண்டா என்பவை அதில் இருக்கும்.

அந்தத் தாள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அந்த வீடு அந்த இடத்தில் இருக்கலாமா என்பதே அது.

அறிவியல் மாணவனாகிய எனக்கு இது எளிதில் விளங்கியது. நிறையை அளக்கும் தராசு வெப்பத்தைச் சொல்லாது. தராசின் மேல் குற்றமும் இல்லை. பதிவகம் உரிமையை அளக்கும் கருவி. கட்டடம் சட்டப்படியானதா என்பதை அளப்பது நகர்மன்றத்தின் நிலத்திட்டம். அத்திட்டம் ஊரின் நிலத்தையெல்லாம் நகர நிலம், நகராக்கத் தகும் நிலம், ஊர்ப்புற நிலம் என்று வகுக்கும். ஊர்ப்புற நிலத்தில் பொதுவாக உழவுத் தொழிலுக்கு வேண்டிய கட்டடங்களுக்கே இடமுண்டு. ஆரஞ்சுத் தோப்பின் நடுவே விடுமுறை மாளிகை எழுப்ப முடியாது.

நம்மைத் திகைக்க வைப்பது இனிமேல் சொல்வது. உரிமம் இல்லாத வீடும் பதிவேட்டில் ஏறிவிடலாம்! இடித்துச் சீர்செய்ய ஆட்சிக்கு உள்ள காலவரம்பு கடந்துவிட்டது என்று கட்டடத்தின் வயதைச் சான்றுகளால் காட்டினால், பதிவாளர் அதைப் பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட நிலமாயின் அந்தக் காலவரம்பே கிடையாது. ஆகவே பதிவேட்டில் 'வீடு' என்று எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்வது அவசரம்.

இன்னொரு பதிவேடும் உண்டு. 'கட்டாஸ்ட்ரோ' என்னும் நிலவரிப் பதிவேடு. அதில் ஒவ்வொரு மனைக்கும் இருபது எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு உண்டு, வரைபடமும் உண்டு. ஆண்டுதோறும் வீட்டு வரி அதைக் கொண்டே கணக்கிடப்படும். வரி கட்டிய இரசீதைக் காட்டி, "அரசே ஒப்புக்கொண்ட வீடு" என்று தரகர் சொல்லுவார். வரி வாங்குவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. சட்டத்துக்குப் புறம்பான வீட்டுக்கும் வரி உண்டு!

வேராவில் நகர்மன்றமே உரிமம் தந்ததே, பிறகு எப்படி இடிந்தது? விடை ஆட்சிப் பிரிவில் இருக்கிறது. உரிமம் தருவது நகர்மன்றம். அந்த உரிமம் நிலச் சட்டத்தை மீறினால் வழக்குத் தொடுக்க மேலேயுள்ள வட்டார அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆந்தலூசிய அரசு அப்படியே செய்தது, உரிமம் செல்லாதென்றாயிற்று. உரிமம் விழுந்ததும் வீடும் விழுந்தது. 1990-களின் பிற்பகுதி தொடங்கி 2007 வரை கட்டட வேலை வெள்ளமாகப் பெருகிய காலத்தில், கடற்கரையோரத்து நகர்மன்றங்கள் பல உரிமங்களை வாரி வழங்கின. ஊழல் முற்றிய மார்பெல்லா நகர்மன்றத்தை 2006 ஏப்ரலில் நடு அரசே கலைக்க நேர்ந்தது. நகர்மன்றம் ஒன்று இவ்வாறு கலைக்கப்பட்டது அந்நாட்டு மக்களாட்சியில் அதுவே முதன்முறை.

நிலத்தைக் காக்க வட்டார அரசு முனைந்ததை நான் குறை சொல்லேன். தோப்பும் மலைச்சரிவும் சிமெண்டாக மாறுவதை யாரேனும் தடுத்தாகத்தான் வேண்டும். ஆனால் கட்டி விற்றவன் இலாபத்தோடு போய்விட்டான். உரிமம் எழுதிய கை வீட்டை இழக்கவில்லை. நம்பி வாங்கிய முதியவர் இழந்தார். அல்மன்சோரா பள்ளத்தாக்கில் இவ்வாறு சிக்கியவர்கள் சங்கம் அமைத்துப் போராடினர். அவர்களுள் பலர் முறையான மின் இணைப்புக் கிடைக்காமல், கட்டட வேலைக்கென்று தந்த தற்காலிக மின்சாரத்தில் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளியவர்கள். அப்போராட்டம் வீண்போகவில்லை. 2015-இல் செய்த திருத்தத்தின்படி, இடிக்குமுன் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு உரிய இழப்பீட்டுக்குப் போதிய உறுதி இருக்கிறதா என்று நீதிபதி பார்க்க வேண்டும். 2019-இல் ஆந்தலூசியா ஒரு வழி திறந்தது. காலவரம்பு கடந்த வீடுகளை இடிக்காமல் ஒருவகைத் தகுதி கொடுத்து, நீரும் மின்சாரமும் பெற விடுவது அது. அவ்வீட்டைப் பழுது பார்க்கலாம், பெரிதாக்க முடியாது. இத்தகைய வீடு விற்பனைக்கு வந்தால், விலை குறைவாக இருப்பதன் காரணம் இதுதான் என்று உணர்க.

வாங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். முதலில் அயல்நாட்டார் அடையாள எண் பெறவேண்டும். பிறகு முன்பணம். குடிமைச் சட்டத்து 1454-ஆம் பிரிவின்படி எழுதிய முன்பணமாயின், வாங்குபவர் பின்வாங்கினால் அதை இழப்பார். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். கடைசியாக நோட்டரி முன் கையெழுத்து. இந்த நோட்டரி நம் ஊரில் முத்திரை குத்துபவர் போன்றவர் அல்லர். சட்டம் கற்ற அரசு அலுவலர். ஆயினும் அவர் இருவருக்கும் பொதுவானவர். உங்களுக்காக நகர்மன்றத்துக்கு நடந்துபோய் விசாரிப்பது அவர் வேலையன்று. அதற்குத் தனி வழக்கறிஞர் வேண்டும். தரகர் காட்டும் வழக்கறிஞர் வேண்டா. ஆந்தலூசியாவில் பழைய வீட்டுக்குக் கைமாற்று வரி 7 விழுக்காடு. புது வீட்டுக்கு மதிப்புக் கூட்டு வரி 10 விழுக்காடு.

"வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமை" என்ற விளம்பரம் இன்னும் கண்ணில் படுகிறது. ஐந்து இலட்சம் ஐரோவுக்கு வீடு வாங்குவோர்க்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அச்சலுகை, 2025 ஏப்ரல் 3-ஆம் நாளோடு முடிந்தது. வீடு வாங்கலாம், அதைக்கொண்டு அங்கே தங்கும் உரிமை வராது. இந்தியாவில் வாழ்பவர் இங்கிருந்து பணம் அனுப்பினால் ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. அங்கே வாங்கிய சொத்தை இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டியாகவும் வேண்டும்.

அன்று கேட்ட நண்பருக்கு என் விடை இது. பதிவகத் தாளை வாங்குங்கள். அது பெரும்பாலும் அன்றே கிடைத்துவிடும். பிறகு அந்த இருபது இலக்கக் குறியீட்டை எடுத்துக்கொண்டு நகர்மன்றத்துக்குச் செல்லுங்கள். இந்நிலம் எவ்வகை, கட்ட உரிமம் உண்டா, கட்டி முடித்தபின் குடிபுக அளிக்கும் முதற்குடியேற்ற உரிமம் உண்டா, வழக்கோ இடிப்பாணையோ நிலுவையில் உளதா என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் விடை பெறுங்கள். விடை வர வாரங்கள் ஆகலாம். அதற்குள், "வேறொருவர் வாங்கக் காத்திருக்கிறார், முன்பணம் கொடுத்துவிடுங்கள்" என்று தரகர் நெருக்குவார். வாங்குபவர் வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள்.