மெயின்பிரேம் லினக்ஸ்: சப்போர்ட்டை யாரிடம் வாங்குவது?

கேள்வி: பென்னாகரம் அரசுப் பள்ளியில் படித்தபோது கொடுத்த லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸில்தான் நான் லினக்ஸ் பழகினேன். இப்போது பெங்களூரில் ஒரு நிதி நிறுவனத்தின் டேட்டா சென்டரில் வேலை. எங்கள் ஐபிஎம் மெயின்பிரேமில் லினக்ஸ் சர்வர்களை ஓட்டப் போகிறார்கள். சப்போர்ட்டுக்கு மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று ரெட் ஹேட், ஒன்று சூசே, மூன்றாவது ‘எந்த லினக்ஸானாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிற ஒரு சர்வீஸ் கம்பெனி. மேலாளரோ, “லினக்ஸ் இலவசம்தானே, டெபியனைப் போட்டு நம் பையன்களே பார்த்துக்கொள்ளட்டும்” என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது ஐயா?

— வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்

பதில்: விலைப் பட்டியலை மூடி வைத்துவிட்டு மூன்று பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். கெர்னலிலேயே பிழை இருந்தால், அதைத் திருத்தி, நாங்கள் ஓட்டும் பதிப்புக்குப் பொருந்தும் பேட்சாக யார் தருவார்? போனை எடுப்பவர், பிரச்சினையைப் பிரித்துப் பார்ப்பவர், நிரலைத் திருத்துபவர் என்று சப்போர்ட்டில் மூன்று படிகள் உண்டு. சர்வீஸ் கம்பெனி பெரும்பாலும் இரண்டாம் படியோடு நின்றுவிடும். மூன்றாம் படிக்கு ரெட் ஹேட்டிடமோ சூசேயிடமோதான் போயாக வேண்டும். அவர்களோடு தனக்கு ஒப்பந்தம் இருப்பதை அந்த கம்பெனி எழுத்தில் காட்டினால் பேச்சைத் தொடருங்கள். காட்டாவிட்டால் அந்த கொட்டேஷனை அதோடு விட்டுவிடுங்கள்.

ரெட் ஹேட்டா சூசேயா என்பதில் பலர் தேவைக்கு மேல் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். மெயின்பிரேமுக்கான லினக்ஸ் நிரலை ஐபிஎம் 1999 டிசம்பரில் வெளியிட்டது. அந்த வேலையின் மையம் ஜெர்மனியில் உள்ள அவர்களது போப்லிங்கன் ஆய்வகம். 2000-ல் சூசே அதை முதலில் வணிகப் பதிப்பாக்கியது. ரெட் ஹேட் பின்னால் வந்தது, உபுண்டு 2016-ல் சேர்ந்தது. ரெட் ஹேட்டை 2019-ல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கிவிட்டதால் ‘அதுதான் வீட்டுப் பிள்ளை’ என்று விற்பனையாளர் சொல்வார். ஆனால் டிரைவர்களெல்லாம் பொதுக் கெர்னலுக்குள்தான் போகின்றன, எல்லோரும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். ஆகவே உங்கள் டேட்டாபேஸ் எதில் சான்று பெற்றிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஆரக்கிள் 19சி என்றால் ரெட் ஹேட், சூசே இரண்டிலும் உண்டு. பதிப்பு எண் வரைக்கும் சரிபார்த்துவிடுங்கள்.

மெயின்பிரேமுக்கே உரிய ஒரு சிக்கலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் இன்டெல் சர்வர்கள் ஒரு எண்ணின் கடைசி பைட்டை முதலில் வைத்து நினைவகத்தில் எழுதும். மெயின்பிரேம் முதல் பைட்டை முதலில் எழுதும். திறமூல மென்பொருள் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இன்டெல் இயந்திரத்தில் மட்டுமே சோதிக்கிறார்கள். அதனால் அங்கே ஒழுங்காக ஓடும் நிரல், மெயின்பிரேமில் பிழைச்செய்தி எதுவும் காட்டாமலே தவறான எண்ணைத் தரக்கூடும். வட்டிக் கணக்கு ஓடும் இடத்தில் இது எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். எனவே ‘எஸ்390எக்ஸ் (லினக்ஸில் மெயின்பிரேம் கட்டமைப்பின் பெயர்) தெரியும்’ என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். நீங்கள் ஓட்டப்போகும் ஒவ்வொரு பேக்கேஜின் பெயரையும் கொடுத்து, இதை மெயின்பிரேமிலேயே பில்டு செய்து சோதிக்கிறீர்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கன்டெய்னர் இமேஜ்களும் இதில் அடக்கம். இணையத்தில் கிடைக்கும் இமேஜ் பல, இன்டெலுக்கு மட்டுமே ஆனவை.

இன்னொன்று எல்லைத் தகராறு. லினக்ஸுக்குக் கீழே இசட்/விஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள், அதற்குக் கீழே இயந்திரமும் ஸ்டோரேஜும். டிஸ்க் பாதை ஒன்று அறுந்தால் லினக்ஸ்காரர் ஸ்டோரேஜைக் கைகாட்டுவார், ஸ்டோரேஜ்காரர் லினக்ஸைக் கைகாட்டுவார். இதைத் தீர்த்துவைப்பவர் யார் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு சோதனை வையுங்கள். சோதனைக்கென்று ஒரு லினக்ஸ் சர்வரை வேண்டுமென்றே கிராஷ் செய்து, டம்ப் (அந்நேர நினைவகத்தின் நகல்) எடுத்து, இரவு நேரத்தில் அவர்களுக்கு அனுப்புங்கள். எத்தனை பேர் கை மாறிய பிறகு டம்பைப் படிக்கத் தெரிந்தவர் வருகிறார் என்று கவனியுங்கள். எந்த விற்பனைக் கூட்டத்தைவிடவும் இது அதிகம் சொல்லும். ரெட் ஹேட்டின் பிரீமியம் சப்போர்ட்டில், சேவை முழுக்க நின்றுபோனால், எந்நேரமும் ஒரு மணி நேரத்துக்குள் முதல் பதில் வரும். ஸ்டாண்டர்டில் அலுவலக நேரம் மட்டுமே. சனிக்கிழமை நீங்கள் பென்னாகரத்தில் இருக்கும்போது அழைப்பு வந்தால் இந்த வித்தியாசம் புரியும். முதல் பதில் வேறு, தீர்வு வேறு என்பதையும் மேலாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

அவர் பணத்தை மட்டும் பார்த்தால் இரண்டு விதிகளை முன்னால் வையுங்கள். ஐடி வேலைகளை வெளியே கொடுப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல், வேலையைக் கொடுத்தாலும் பொறுப்பு நிறுவனத்துக்கே என்கிறது. சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் போட்ட உத்தரவு. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் எவரும் இல்லாத மென்பொருளை வைத்துக்கொண்டு இந்த ஆறு மணி நேரத்தைச் சமாளிப்பது கடினம்.

டெபியனை நான் குறைத்துச் சொல்லவில்லை. பள்ளியில் நீங்கள் பழகிய பாஸே, டெபியனை அடித்தளமாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியதுதான். டெபியனின் எஸ்390எக்ஸ் பதிப்பு நல்ல பதிப்பு. ஆனால் அதைப் பராமரிப்பவர்கள் தன்னார்வலர்கள், உங்கள் டேட்டா சென்டரின் அவசரம் அவர்கள் கடமை ஆகாது. பணம் புழங்கும் சர்வர்களுக்கு ரெட் ஹேட் அல்லது சூசே, அதுவும் 24 மணி நேர சப்போர்ட்டோடு எடுங்கள். ‘நம் பையன்களே’ என்ற மேலாளரின் பேச்சில் பாதி சரிதான். டம்ப் எடுக்கவும் டிபக் விவரங்களைத் திரட்டவும் தெரிந்த இரண்டு பேராவது உள்ளே இல்லாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த ஒப்பந்தமும் தாமதமாகத்தான் உதவும். அந்தப் பயிற்சிக்கு டெபியனைப் பயன்படுத்துங்கள். மெயின்பிரேமே வேண்டியதில்லை. ஹெர்குலிஸ் அல்லது கெமு எமுலேட்டரில் அதைச் சாதாரண லேப்டாப்பிலேயே ஓட்டலாம்; மெதுவாக ஓடும், கற்றுக்கொள்ள அது போதும்.