மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம்

தாம்பரத்தினின்று வண்டலூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், உடையவர் விருப்பம்போல் மாற்றியமைக்கப்பெற்ற புல்லட் வண்டிகளை நாம் காண்கின்றோம். அகன்ற பின்சக்கரம் கண்ணுக்கு இனிதே. ஆயினும் சக்கரம் தனித்து நிற்பதொரு பொருளன்று. செயின், பிரேக், சட்டம், முன்சக்கரம் ஆகியவற்றோடு இயைந்த உறுப்பாகும். இவ்வியைபை மறந்து அதனை மாற்றுதல் உயிர்க்கே ஊறாகக் கூடும். ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய புல்லட்டிற்கு 19 அங்குல ரிம்மும் 3.25 அங்குல டயரும் உண்டு. டயரின் உயரம் அதன் அகலத்திற்கு ஏறத்தாழச் சமமெனக் கொண்டால், சக்கரத்தின் முழுவிட்டம் 25.5 அங்குலம், அதாவது 648 மில்லிமீட்டர். இனி, 120/80-18 என்னும் டயரை நோக்குவாம். 120 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. 18 என்பது ரிம்மின் அங்குல விட்டம். இதன் முழுவிட்டம் 649 மில்லிமீட்டர். ரிம் சிறுத்தும் சக்கரம் சிறுக்கவில்லை! 140/70-17 டயரோ 628 மில்லிமீட்டரே. அதனைப் பூட்டின் வண்டியின் பின்புறம் 10 மில்லிமீட்டர் தாழும். அதே வேகத்திற்கு எஞ்சின் நூற்றுக்கு மூன்று பங்கு மிகுதியாகச் சுழல வேண்டும்.

விட்டம் ஒத்தாலும் அகலம் ஒவ்வாது. 120 மில்லிமீட்டர் டயர் பழையதினும் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் மிகும். அது செயினில் உராயாதிருத்தற் பொருட்டுச் சக்கரத்தை ஒருபுறம் ஒதுக்குவார் உளர். அது பெரும் பிழை. இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் ஓடாவாயின் வண்டி ஒருபுறம் இழுக்கும். பின்டயரின் இருமருங்கும் நூல் பிடித்து முன்னே நீட்டுக. கைப்பிடி நேராக நிற்க, முன்டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். பின்னிருக்கையில் ஒருவரை ஏற்றி, டயர் மட்கார்டில் தட்டாமையும் காண்க.

எல்லாவற்றினும் முதன்மையானது பிரேக். டிரம் பிரேக்கின் தட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் தாங்குகம்பி உறுதியாகப் பூட்டப்பெறாவிடின், பிரேக் பிடிக்குங்கால் தட்டே சக்கரத்தோடு சுழன்றுவிடும். டயர் தாங்கும் பாரமும் வண்டிக்கு ஏற்றதாதல் வேண்டும்.

பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாதென்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. 2019ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதனை வற்புறுத்தியது. ஆகவே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் நன்று.

மாணவ நண்பர்காள்! சக்கரம் வாங்குமுன் அளவுகோலை எடுமின். கடையில் அழகாய்த் தோன்றுவது சாலையில் நம்மையும் பின்னே அமர்ந்தவரையும் காக்குமா என்பதே நாம் முதலிற் கேட்கத்தக்க வினாவாம்.