வெடியொலியும் வீட்டு நாயும்

தீபாவளி இரவில் தெருவெங்கும் வெடியொலி முழங்குகிறது. வீட்டு நாய் வாலை ஒடுக்கிக் கட்டிலின் அடியில் பதுங்கி நடுங்குகிறது. மனிதர் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்பர். நாயோ 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அவ்வொலி எதற்காக எழுகிறது என்பதை அது அறியாது.

அந்நிலையில் அதனை அதட்டுவதும் வெளியே இழுப்பதும் அச்சத்தையே பெருக்கும். சன்னல்களை மூடி, பதுங்கிய இடத்திலேயே இருக்கவிட்டு, அருகில் அமைதியாக அமர்தல் வேண்டும். அன்புடன் தடவிக்கொடுப்பதால் அச்சம் வளராது.

பண்டிகைக்குப் பல வாரங்கள் முன்பே, பதிவுசெய்த வெடியொலியை மிகக் குறைந்த அளவில் ஒலிக்கச் செய்து, உடனே பிடித்த தின்பண்டம் அளித்துப் பழக்கலாம். நாய் கலங்காதபோது மட்டுமே ஒலியைச் சிறுகச் சிறுகக் கூட்டுதல் வேண்டும். அச்சம் மிகுந்தால் கால்நடை மருத்துவரை நாடுதல் நன்று.

சொற்பொருள்: அதட்டுதல் – கடிந்து கூறுதல், கலங்குதல் – மனம் தடுமாறுதல்.

வினா: நடுங்கும் நாயை ஏன் அதட்டக் கூடாது?